சின்ன விராலின் அக்கரைச் சொந்தம்

கேள்வி: மாரி காலத்தில் எங்கள் ஓடைகளில் அகப்படுகிற சின்ன விரால் தமிழ்நாட்டிலும் இருக்கிறதாமே? நன்னீர் மீன் எப்படிக் கடலைத் தாண்டியது? பார்த்தாலே தெரிகிற மீனுக்கு மரபணு ஆராய்ச்சி எதற்கு?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: மீன் தாண்டவில்லை, கடல்தான் பிறகு வந்து குறுக்கே புகுந்தது. பாக்கு நீரிணை அவ்வளவு ஆழமில்லாதது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தபோது மன்னாரிலிருந்து இந்தியாவுக்குத் தரை தொடர்ந்து கிடந்தது, ஆறும் சதுப்பும் இருந்தால் விராலுக்கு வேறென்ன வேண்டும்?

பார்த்தாலே தெரியும் என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். தெற்காசியாவின் குட்டை விரால்கள் பலவற்றை நெடுங்காலம் சன்னா கச்சுவா என்ற ஒரே பெயருக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். உருவத்தோடு மரபணுவையும் ஒப்பிட்ட பிறகுதான், 1861இல் விலங்கியலாளர் குந்தர் பெயரிட்டுப் பின்னர் கைவிடப்பட்ட சன்னா கெலார்ட்டி தனி இனம் என்பது 2020இல் உறுதியானது. அது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருக்கிறது. உங்கள் மீனும் பெரும்பாலும் அதுதான், ஆனால் படம் பார்க்காமல் சத்தியம் பண்ணமாட்டேன். இலங்கையின் தென்மேற்கு ஈர வலயத்தில் மட்டும் வாழும் சன்னா ஓரியண்டாலிஸ் வேறு, அதற்கு வயிற்றுத் துடுப்பே கிடையாது.

முறை இதுதான்: மரபணுவில் வரிசையாக இருக்கும் வேதி எழுத்துகள் தலைமுறை தலைமுறையாக மெல்ல மாறும், இரண்டு மீன்களுக்கிடையே வித்தியாசம் குறைவென்றால் அவை பிரிந்து அதிக காலம் ஆகவில்லை என்று பொருள். வழக்கமாக இழைமணியிலுள்ள (உயிரணுவுக்குள் சக்தி உண்டாக்கும் சிறு உறுப்பு அது) ஒரு மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படிப்பார்கள். ஆனால் இழைமணி தாய்வழியாக மட்டுமே வரும், அதை மட்டும் நம்பினால் தகப்பன் யாரென்றே தெரியாது! நம் குளங்களுக்கு 1952இல் கொண்டுவந்த மொசாம்பிக் திலாப்பியாவும் பின்னால் வந்த நைல் திலாப்பியாவும் கலந்து குஞ்சு பொரித்திருக்கின்றன. அந்தக் கலப்பைப் பிடிக்க தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் பார்த்தே ஆகவேண்டும். ஒரே மரபணுவை வைத்து வம்சவரலாறு எழுதுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன்.

கேள்வி: ஆய்வுக்கு மீன் கொடுக்க விரும்பினால் எப்படி எடுத்து வைப்பது?
– வாசகி, மாங்குளம்

பதில்: முதலில் பல்கலைக்கழக விலங்கியல் துறை ஒன்றுடன் கதையுங்கள், அனுமதி விஷயங்களை அவர்கள் சொல்வார்கள். மரபணுவுக்குத் துடுப்பில் ஒரு சிறு துண்டு போதும். 95 சதவீத எதனோலில் போடுங்கள், சாராயம் சரிவராது. போர்மலின் வேண்டவே வேண்டாம், மரபணுவைக் கெடுத்துவிடும். மீனைப் படமும் எடுங்கள். எந்தக் குளம், எந்த நாள் என்பதைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள், பேனா மை எதனோலில் கரைந்துவிடும்.