பாட்டி என்று யார் சொன்னது?

கேள்வி: கே. பி. சுந்தராம்பாளைப் பெரிய நடிகை என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். படங்களில் அவர் பாட்டி வேடத்தில் வந்து நின்று பாடியதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். அது நடிப்பாகுமா? மேடையிலும் இப்படித்தான் நின்று பாடினாரா?
– ஒரு வாசகர், கொக்குவில், யாழ்ப்பாணம்

பதில்: நின்று பாடிய கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் ‘பாட்டி’.

நமது ஊரில் பாட்டி என்று யாரும் இருந்ததில்லை. அப்பாச்சி இருந்தா, அம்மம்மா இருந்தா, ஊருக்கெல்லாம் பொதுவாக ஓர் ஆச்சி இருந்தா. காகம் தூக்கிக்கொண்டு போன வடையைச் சுட்டது கூட எங்கள் வீட்டில் ஆச்சிதான். அரிவரிப் புத்தகத்துக்குப் போன பிறகுதான் அவ பாட்டி ஆனா. ஆனால் அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பழைய வாழ்வு ஒன்று உண்டு. மதுரைக்காஞ்சியில் ‘பாணர் வருக, பாட்டியர் வருக’ என்று அரசன் வாசலில் அழைப்புக் கேட்கிறது. அங்கே பாட்டியர் என்றால் நரைத்த கிழவிகள் இல்லை. பாணர் குலத்துப் பெண்கள், பாடுகிறவர்கள். பாட்டால் பிழைத்தவர்கள், பாடியதற்காகப் பரிசில் வாங்கியவர்கள். அந்தப் பொருளில் நீங்கள் சுந்தராம்பாளைப் பாட்டி என்று சொன்னால் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்குவேன். நீங்கள் அந்தப் பொருளில் சொல்லவில்லை.

சரி, வயதுக் கணக்கைப் பார்ப்போம். கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர். ஜெமினியின் ‘ஔவையார்’ வெளிவந்தது 1953-ல். அப்போது அவருக்கு 45 கூட நிறையவில்லை. இந்த வயதில் இன்றைய கதாநாயகர்கள் பல்கலைக்கழக மாணவனாக வருகிறார்கள், நாமும் காசு கொடுத்துப் பார்க்கிறோம். ‘திருவிளையாடல்’ வந்த 1965-ல் 57 நிறையவில்லை. அந்தத் தோற்றத்தை அவருக்குக் கொடுத்தது வயது இல்லை. 1933 டிசம்பரில் அவருடைய கணவரும் மேடை ஜோடியுமான எஸ். ஜி. கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்று உடுத்த வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதையும் கடைசிவரை மாற்றவில்லை. 25 வயது என்பதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள்.

அதற்கு முன்னால் அவர் யார்? ரயிலில் பாடிக் கை நீட்டிய வறுமை வீட்டுப் பிள்ளை. நாடகக் கம்பெனியில் அவருக்குக் கிடைத்த முதல் வேடம் நல்லதங்காளின் மகன். பசிக்கிறது என்று அம்மாவிடம் அழுது பாட வேண்டிய வேடம். பசி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் வள்ளியாகவும் இன்னும் பல கதாநாயகிகளாகவும் மேடையைத் தன்வசப்படுத்தினார். செங்கோட்டைக் கிட்டப்பாவோடு அவர் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது இலங்கையில்தான், 1920-களின் நடுப்பகுதியில். தமிழ் மேடையின் மிகப் பெரிய ஜோடி கப்பலேறி வந்து நமது தீவில் ஒன்றுசேர்ந்தது. நமக்கு இதில் ஒரு பெருமை இருக்கிறது, நாம் அதைப் பேசுவதே இல்லை.

மைக் வராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில், தரையில் குந்தியிருப்பவனின் காதுக்கும் சொல் முழுதாகப் போய்ச் சேர வேண்டும். எதிரே கிட்டப்பா உச்சத்தில் நின்று ஒரு விருத்தத்தை முடித்தால், அதே சுருதியில் அடுத்ததை எடுத்துக் கொடுக்க வேண்டும். விடிய விடிய இதுதான் வேலை. நின்று பாடினார் என்கிறீர்களே, அப்படி நின்று பாடிப் பாருங்கள்.

வெள்ளைச் சேலைக்குப் பிறகு சினிமா வந்தது. 1935-ல் ‘நந்தனார்’. ஆண் வேடம். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு லட்சத்துக்கு அன்று ஒரு கிராமத்தையே வாங்கலாம். அந்தப் படத்தைக் கல்கி கடுமையாகக் கேலி செய்து எழுதினார். படமாக அது சுமார்தான் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். கணவனை இழந்து இரண்டு வருடமாகாத ஓர் இளம்பெண், சிதம்பரத்துக்குள் விடமாட்டார்கள் என்று தெரிந்தும் போகத் துடிக்கிற ஓர் ஆணாக நிற்கிறார். அதன் பிறகு 1940-ல் ‘மணிமேகலை’. 1953-ல் ஔவை. 1964-ல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். 1973-ல் ‘காரைக்கால் அம்மையார்’.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பல நாள் பார்த்திருக்கிறேன். எல்லாருமே வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள். மணிமேகலை கையில் பாத்திரத்தோடு, கவுந்தி கோவலன் கண்ணகிக்கு வழித்துணையாக. ஔவை கல்யாணத்துக்குத் தப்ப விநாயகரிடம் முதுமையைக் கேட்டு வாங்கியவள் என்பது கதை. காரைக்கால் அம்மையார் தன் உடலின் தசையை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர்; பெரியபுராணம் படித்த நமது பிள்ளைகளுக்கு இது தெரியும், மாம்பழக் கதையோடு சேர்த்துத் தெரியும். இருவருமே கேட்ட வரம் ஒன்றுதான்: இந்த உடம்பை வைத்து என்னை அளக்காதீர்கள். சுந்தராம்பாளுக்கு அந்த வரத்தைக் கொடுக்க எந்தப் பிள்ளையாரும் வரவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. அதற்குப் பிறகு ஒருவரும் அவரை மேலும் கீழும் பார்க்க முடியவில்லை. இதைத் தியாகம், தவம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நடிகைக்குத் தனியாக நிமிர்ந்து நிற்க இந்தச் சமூகம் விட்டுவைத்த ஒரேயொரு வாசல் அது. அந்த வாசலால் போய் 1951-ல் சென்னைச் சட்டமேலவையில் உட்கார்ந்தார். சினிமாவிலிருந்து அப்படிப் போனவர்களில் அவர்தான் முதல் ஆள். 1969-ல் வந்த ‘துணைவன்’ படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியபோது அறுபதைத் தாண்டியிருந்தார்.

இனி உங்கள் ‘நின்று பாடினார்’. ‘திருவிளையாடல்’ படத்தில் கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கும் முருகனிடம் ஔவை வருகிறார். ‘பழம் நீயப்பா.’ படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு இந்த இரண்டு சொற்களை மட்டும் கேளுங்கள். ‘பழம்’ என்பதில் அந்த ழகரம் நாக்கு நன்றாக மடிந்து, அவசரமில்லாமல் வருகிறது. நாங்கள் ‘வாளைப்பளம்’ வாங்குகிற ஆட்கள், அதனால்தான் எனக்கு அந்த எழுத்தில் இவ்வளவு ஆசை. அடுத்தது ‘நீயப்பா’. அங்கே குரல் கெஞ்சவில்லை. கோபித்த பிள்ளையிடம் தாய்க்காரி போகும்போது பாதி கண்டிப்பும் பாதி கொஞ்சலுமாக ஒரு தொனி வருமே, அது ‘நீ’யில் ஏறி ‘அப்பா’வில் இறங்குகிறது. முகத்தில் பெரிய அசைவு இல்லை, கை அதிகம் ஆடவில்லை. ஆனால் எதிரே நிற்பது சாமி என்பது எனக்கு மறந்துபோய், சாப்பிடாமல் ஓடிப்போன பிள்ளை ஒன்று நிற்பது போலப் படுகிறது. இது நடிப்பு இல்லை என்றால் வேறு எதை நடிப்பு என்று சொல்வீர்கள்?

இந்தப் பாட்டைத்தான் நமது கோயில்களில் விடியப்புறம் நாலரை மணிக்குக் குழாய் ஸ்பீக்கரில், குரல் கிழியக் கிழியப் போடுகிறார்கள். இதைப் பற்றி இதே பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். மைக் இல்லாமல் கொட்டகையை நிறைத்த குரல் அது. தயவுசெய்து பாதியாகக் குறையுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் படிக்கும், பாட்டும் பாட்டாகக் கேட்கும்.

மேடையைப் பற்றிக் கேட்டீர்கள். சுந்தராம்பாள் பாடிய அந்த வகை நாடகம்தான் நமது ‘டிறாமா’. கொட்டகைக் கூத்து என்றும் சொல்வோம், படித்தவர்கள் இசை நாடகம் என்பார்கள். அதெல்லாம் இந்தியச் சரக்கு, நமது கலை நாட்டுக்கூத்துத்தான் என்று சில வருடங்களுக்கு முன் ஒரு பேராசிரியர் எனக்கு நீண்ட கடிதம் எழுதினார். அன்று சொன்ன பதில்தான் இன்றும். நமது இசை நாடக நடிகர் வி. வி. வைரமுத்து மயான காண்ட நாடகத்தில் அரிச்சந்திரனாகச் சுடலை காத்து நின்றபோது காங்கேசன்துறை முதல் எத்தனையோ ஊர்ச் சனங்கள் விடியும்வரை பாயை விட்டு எழும்பவில்லை. மூன்று தலைமுறை தொண்டையில் கிடந்த பாட்டு யாருடைய சரக்கு? கூத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இதையும் சேர்த்துக் கட்டிக் காப்பாற்றுங்கள் என்கிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் சந்திரமதியாக வந்தவர் ஒரு சுருட்டுத் தொழிலாளி. பெட்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், ஆர்மோனியக்காரர் காலால் பெடலை மிதித்துச் சுருதி கூட்ட, செத்துப்போன லோகிதாசனை மடியில் போட்டு அவர் அழுதபோது எனது அப்பாச்சி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு இருந்தா. அடுத்த நாள் சுருட்டுக் கொட்டிலுக்குப் போனேன். பலகைக்கு முன் சப்பாணி கட்டிக்கொண்டு புகையிலை சுற்றிக்கொண்டிருந்தார். காது மடலுக்குப் பின்னால் அரிதாரம் இன்னும் ஒட்டியிருந்தது. வாயில் சுந்தராம்பாளின் பாட்டு. பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணியவர். ஏன் பொம்பிளை வேசம் கட்டுறியள் என்று கேட்டேன். “அந்த அம்மா ஆம்பிளையா நடிச்சவ தம்பி. நான் பொம்பிளையா நடிக்கிறன். கணக்குச் சரி” என்றார்.

கணக்குச் சரியில்லை என்பது எனக்கு வெகு காலத்துக்குப் பிறகுதான் விளங்கியது. அவருக்கு ஒரு மகள். சந்திரமதியின் பாட்டெல்லாம் அந்தப் பிள்ளைக்கு முழுப்பாடம். ஒத்திகையில் தகப்பனுக்கு அடி மறந்தால் அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவள்தான், அதுவும் சரியான சுருதியில். நாடகத்தன்று அவள் மேடைக்கு முன்னால் பாயில் இருந்து பார்த்தாள். ஏற்றியிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடிக்கிற பெண்ணுக்கும் வைப்பாட்டிக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த ஊர் இது. அதே ஊர்தான் கொடுமுடியிலிருந்து வந்த குரலைக் கோயில் கோபுரத்தில் கட்டி வைத்தது.

அந்த மகளுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன தைப்பொங்கலுக்குப் போயிருந்தேன். மயான காண்டத்தில் இரண்டு வரி பாடச் சொல்லிக் கேட்டேன். முதலில் மாட்டன் என்று தலையாட்டினா. பிறகு எழும்பிப் போய்த் தெருப்பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்து பாடினா.