கருத்து சொல்ல வேண்டியவர் யார்?

கேள்வி: என் தங்கைக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். பூச்சிமருந்து வாடையோடு மயங்கிக் கிடந்தவளைத் தருமபுரி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் போய்விட்டாள். போலீஸ், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), டாக்டர் மூவருமே விசாரித்தார்கள். பிரேதப் பரிசோதனைச் சான்றிதழிலோ 'கருத்து நிறுத்திவைப்பு' என்றிருக்கிறது. எதனால் இறந்தாள் என்று யார்தான் சொல்வார்கள்?
– வாசகி, பென்னாகரம்

பதில்: பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்தான், அம்மா. உடல் எதனால் ஓய்ந்தது என்பது அவர் பொறுப்பு. திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறந்ததால் ஆர்.டி.ஓ. வந்தார். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 176, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் பிரிவு 196.) வரதட்சணைக் கொடுமை இருந்ததா என்பதை அவர் பார்ப்பார். சீர், நகை, கடைசியாகப் பேசிய போன் எதையும் விடாமல் அவரிடம் சொல்லி, வாக்குமூலத்தைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மருந்து பாட்டிலைக் கைப்பற்றுவதும் சாட்சிகளை விசாரிப்பதும் போலீஸ் வேலை.

'கருத்து நிறுத்திவைப்பு' என்றால் மருத்துவர் இன்னும் முடிவு சொல்லவில்லை என்று பொருள். அந்தத் தாமதம் உள்ளுறுப்புப் பரிசோதனையால். இரைப்பையும் அதிலுள்ளதும், சிறுகுடலில் ஏறக்குறைய 30 செ.மீ., கல்லீரலில் ஒரு பகுதி, இரு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதி எடுத்து, இனி உப்புக் கரையாது என்ற அளவுக்குச் செறிந்த உப்புக் கரைசலில் போட்டு முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அழுகல் வாயு வெடிக்காதபடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்புவார்கள். உப்புக் கரைசலுக்குப் பதில் ஃபார்மலின் ஊற்றிவிட்டால் திசு இறுகி, நஞ்சைப் பிரித்தெடுப்பது கடினமாகிவிடும்.

உங்கள் விஷயத்தில் வேறொரு சிக்கல் உண்டு. ஐந்து நாள் சிகிச்சையில் நஞ்சு உடலைவிட்டுப் போயிருக்கலாம். அறிக்கை 'நஞ்சு இல்லை' என்று வந்தாலும் நஞ்சே குடிக்கவில்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் முதல் நாள் எடுத்த வயிறு கழுவிய நீர், ரத்தம், கோலின்எஸ்டரேஸ் (சிலவகைப் பூச்சிமருந்தால் ரத்தத்தில் குறையும் நொதி) அளவு, கேஸ் ஷீட், சேர்க்கும்போது சொன்னதை எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி எல்லாம் மிக முக்கியம். இவை சேர்க்கப்பட்டனவா என்று இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஆய்வக அறிக்கை வந்ததும் இறுதிக் கருத்து தானாக வந்துவிடாது. அதை ஸ்டேஷனிலிருந்து மருத்துவரிடம் கொண்டுபோய்க் கேட்டு வாங்க வேண்டும். கோப்பு பெரும்பாலும் தூங்குவது அந்த இடத்தில்தான். எஃப்.ஐ.ஆர். எண்ணையும் பிரேதப் பரிசோதனை எண்ணையும் குறித்துவைத்து, பதினைந்து நாளுக்கொரு முறை விசாரியுங்கள்.