லக்சம்பர்க் எப்படி உள்ளே வந்தது?

கேள்வி: அலாஸ்காவில் ஆன்டெனாக்களை நட்டு வானத்தையே சூடாக்குகிறார்களாம், அதனால்தான் புயல் வருகிறதாம். ரேடியோ அலைக்கு அவ்வளவு சக்தியா?

பதில்: சூடாக்குவது நிஜம், புயல் கட்டுக்கதை.

என் பழைய ரேடியோவில் இரண்டு நிலையங்கள் கலந்து கேட்டால் உடனே பின்மூடியைக் கழற்றிவிடுவேன். பெரும்பாலும் குறை பெட்டியில்தான் இருக்கும். 1933-இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் டெல்லகன் என்ற பொறியாளருக்கும் இதே தொல்லை. ஸ்விட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தைக் கேட்கிறார், பின்னால் சன்னமாக லக்சம்பர்க் நிலையம் பேசுகிறது. இரண்டுக்கும் அலைவரிசையே வேறு. டயலைக் கொஞ்சம் நகர்த்திப் பெரோமுன்ஸ்டரை விட்டு விலகினால் லக்சம்பர்க்கும் காணோம்! அப்படியானால் குறை பெட்டியில் இல்லை, வழியில்.

அடுத்த ஆண்டே பெய்லி, மார்ட்டின் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் விளக்கம் சொன்னார்கள். பெரோமுன்ஸ்டரின் அலை லக்சம்பர்க் பக்கத்து வானத்தைத் தொட்டுத்தான் ஐந்தோவனுக்கு வர வேண்டும். தரையிலிருந்து சுமார் 80, 90 கிலோமீட்டர் உயரத்தில் திரியும் எலெக்ட்ரான்களை லக்சம்பர்க்கின் பலத்த அலை உலுக்கிச் சூடேற்றுகிறது. சூடேறிய எலெக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளோடு அடிக்கடி மோதும். அந்த வழியாகப் போகும் அடுத்தவன் அலையைக் கூடுதலாக விழுங்கும். லக்சம்பர்க்கின் குரல் ஏற இறங்க விழுங்குவதும் ஏறி இறங்கும். அப்புறம் என்ன, அந்தக் குரலே பெரோமுன்ஸ்டரின் மேல் பதிந்துவிடுகிறது. இதில் எனக்குப் பிடித்தது, தடித்த குரல்தான் நன்றாகப் பதியும் என்பது. கீச்சுக் குரலின் வேகத்துக்குச் சூடேறி ஆற எலெக்ட்ரானுக்கே நேரம் போதாது.

சரி, அலாஸ்காவுக்கு வருவோம். ககோனா என்ற இடத்தில் 180 ஆன்டெனாக்கள், 3.6 மெகாவாட். இங்கே குறி இன்னும் மேலே, 200 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே மோதல் குறைவு, கதையும் வேறு. அணுக்களிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் திரியும் அந்த வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். அதற்கென்று ஓர் இயல்பான துடிப்பு உண்டு. அலையின் துடிப்பு அதோடு ஒத்துப்போகும் உயரத்தில், ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளிவிட்டது போல எலெக்ட்ரான்கள் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தில் சில பிய்த்துக்கொண்டு ஓடி ஆக்சிஜன் அணுவில் மோத, மங்கலான சிவப்பு ஒளி வரும். பெரும்பாலும் நுண்ணிய கேமராவுக்குத்தான் அது தெரியும். மின்சாரத்தை நிறுத்தினால் எலெக்ட்ரான்களின் சூடு நொடிகளில் தணிந்துவிடும். மற்ற கலக்கங்கள் அடங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

புயல் உருவாகும் காற்றோ தரையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள்தான். அங்கே பிளாஸ்மாவே இல்லை. அந்த அலை காற்றைச் சட்டைசெய்யாமல் ஊடுருவி மேலே போய்விடும்.