இரண்டு வயதுக் குழந்தையுடன் டொராண்டோ வருகிறோம். மனைவி வேலைக்குப் போனால் டேகேர் செலவுக்குக் கட்டுப்படியாகுமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். உங்களுக்கு வேலை உறுதி, மூவருக்கும் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வந்தாயிற்று, மனைவி மட்டும் வந்துதான் வேலை தேட வேண்டும் என்கிறீர்கள். நல்லது. அடுத்த வரியில், "அவள் சம்பளத்தில் டேகேர் கட்டணம் போனால் கையில் ஒன்றும் நிற்காது, பேசாமல் வீட்டில் இருக்கட்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்" என்கிறீர்கள். ஏன் அவள் சம்பளத்தில்? குழந்தை இரண்டு பேருக்கும்தானே? வீட்டு வாடகையை உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்துப் பார்த்துவிட்டு "நான் வேலைக்குப் போவது கட்டுப்படியாகுமா" என்று யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா?

உங்கள் மேல் கோபம் இல்லை. இதே கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியவர்கள் ஒரு பட்டாளமே உண்டு, அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

நாங்கள் வந்தது 2019 ஆகஸ்டில். பையனுக்குப் பதினான்கு மாதம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட், வாடகை 1,400 டாலர். இன்றைக்கு அந்த விலையை நினைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கொடு, வருஷம் முழுக்கக் கொடு என்று அதற்கு மேல் கட்டாயப்படுத்துவது டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டப்படி செல்லாது. நம்ம ஆட்களே கேட்பார்கள்.

மளிகை, காய்கறி பற்றி யூடியூபில் ஆளாளுக்குக் கூடையைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். அதற்குள் நான் போகவில்லை. அரிசியும் பருப்பும் யாரையும் கவிழ்ப்பதில்லை. குழந்தையை யார் பார்ப்பது என்பதுதான் கவிழ்க்கும்.

பக்கத்தில் இருந்த டேகேரில் கேட்டேன். மாதம் 1,600 என்றார்கள், அதுவும் இடம் இல்லை, பட்டியலில் பெயர் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். இங்கே ஒன்றரை வயதுக்குக் கீழே உள்ள பத்துக் குழந்தைகளுக்கு மூன்று பணியாளர்கள் இருக்க வேண்டும், அதற்கு மேல் இரண்டரை வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர். குழந்தை சின்னதாக இருக்க இருக்கக் கட்டணம் ஏறுவது இதனால்தான். அநியாயக் கொள்ளை என்று நானும் திட்டியிருக்கிறேன். உள்ளே அந்தப் பெண்கள் செய்யும் வேலையைப் பார்த்த பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கடைசியில் இரண்டு தெரு தள்ளி ஓர் ஆன்ட்டி கிடைத்தார். பருத்தித்துறைக்காரர், சொந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். உரிமம் இல்லாமலே ஐந்து குழந்தைகள் வரை வீட்டில் வைத்துப் பார்க்க இங்கே சட்டம் அனுமதிக்கிறது. (வயசுக் கட்டுப்பாடெல்லாம் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.) முதல் நாளே கறாராகச் சொன்னார்: "ரசீது வேணுமெண்டா ஒரு நாளைக்கு அம்பது டொலர், பிள்ளை, வேண்டாமெண்டா நாப்பத்தஞ்சு. வீட்ட போய் யோசிச்சுச் சொல்லும்."

நான் பாளையங்கோட்டையில் ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டியவள். அன்று ராத்திரியே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரசீதுக்காக வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு சொச்சம் கூடுதல் செலவு. ஆனால் ரசீது இருந்தால் ஏழு வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்கு 8,000 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்காட்டலாம். டி778 என்று ஒரு படிவம். என் வரி விகிதத்தில் அது சுமார் 1,600 டாலர் மிச்சம். ஐம்பதுக்கே ஒத்துக்கொண்டேன். ஐந்து டாலர் குறைகிறதே என்று ரசீது இல்லாமல் விடுகிறவர்கள் இங்கே நிறைய. ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி வந்து, "அந்தக் கழிவை வருமானம் குறைவாக உள்ள துணைதான் எடுக்கணும்னு அரசாங்கமே சொல்லுது, அப்போ மனைவி கணக்குதானே" என்பார். ஆமாம், சில விதிவிலக்குகள் தவிர அப்படித்தான். அது வரித் துறை வைத்திருக்கும் விதி. வீட்டுக்குள்ளே யார் வேலையை விடுவது என்பதற்கு டி778-இல் கட்டம் எதுவும் இல்லை.

எனக்குக் கிடைத்தது ஒரு மருந்துக் கிடங்கின் கணக்குப் பிரிவில் வேலை. மணிக்கு 17 டாலர். அப்போது குறைந்தபட்சக் கூலியே 14. பிடித்தம் போகக் கையில் 2,200 சொச்சம் வரும். ஆன்ட்டிக்கு 1,050, டிடிசி (டொராண்டோ பஸ், ரயில்) மாதப் பாஸ் 156. மிச்சம் ஏறக்குறைய ஆயிரம். போனில் பெரியப்பா கேட்டார்: "ஏ பிள்ள, ஆயிரம் டாலருக்கா பச்சப்பிள்ளைய ஊரான் வீட்டுல விட்டுட்டுப் போற?" அந்த ஆயிரம் டாலர் அன்றைக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். பெரியப்பாவின் சொந்த மகன் அதில் பாதி சம்பளத்துக்குச் சென்னையில் ஹாஸ்டலில் கிடந்தான். அவனிடம் யாரும் கட்டுப்படியாகுமா என்று கேட்கவில்லை.

அந்த ஆயிரம்கூட எல்லா மாதமும் மிஞ்சியது என்று பொய் சொல்ல மாட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். டேகேரில் காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுக்கக் கழிய வேண்டும் என்பார்கள். வராத நாளுக்கும் கட்டணம் உண்டு. நீங்கள் லீவு போட்டால் சம்பளமும் இல்லை, ஏனென்றால் ஒன்டாரியோ சட்டம் தரும் மூன்று நாள் நோய் விடுப்பும் மூன்று நாள் குடும்ப விடுப்பும் சம்பளம் இல்லாதவை. முதல் குளிர்காலத்தில் பையனுக்கு மூக்கு ஒழுகாத வாரமே கிடையாது. ஆன்ட்டியாவது லேசான சளி என்றால் "பரவாயில்லை, விட்டுட்டுப் போம்" என்பார். பின்னாளில் மகளைச் சேர்த்த மையத்தில் ஆறு மணிக்கு மேல் போனால் நிமிடத்துக்கு ஒரு டாலர். பனி கொட்டி பஸ் நின்றாலும் அதே ஒரு டாலர். அப்புறம் ஸ்னோ பேன்ட், பூட்ஸ், இரண்டு ஜோடி கையுறை, எல்லாவற்றிலும் பெயர் எழுதி. வருஷா வருஷம் காலும் கையும் வளர்ந்துவிடும், அதனால் புதிதாக வாங்காதீர்கள், பழைய துணிக் கடைகளில் அருமையாகக் கிடைக்கும். மதியச் சாப்பாட்டில் நிலக்கடலை ஆகாது, யாருக்காவது ஒவ்வாமை இருக்கும். கடலைச் சட்னி, கடலை சேர்த்த பொடி எல்லாம் வீட்டோடு சரி.

இனி நண்பர்களின் கணக்கில் வராத பகுதி. இரண்டு வருஷம் அந்தக் கிடங்கில் ஓட்டினேன். ராத்திரியில் பேரோல் (சம்பளப் பட்டுவாடா) படிப்பு ஒன்று முடித்தேன். 2022-இல் மணிக்கு 26 டாலருக்கு வேறு இடம் போனேன். 2019-இல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் யார் எனக்கு அதைக் கொடுத்திருப்பார்கள்? எங்கே போனாலும் "கனடிய அனுபவம் இருக்கா" என்றுதானே கேட்டார்கள்? 2026 ஜனவரியிலிருந்து விளம்பரங்களில் அப்படிக் கேட்கக் கூடாது என்று ஒன்டாரியோவில் சட்டம் வந்திருக்கிறது. விளம்பரத்தில் கேட்க மாட்டார்கள், மனதுக்குள் கேட்டுக்கொள்வார்கள்.

2023 தொடக்கத்தில் மகள் பிறந்தாள். இங்கே 600 மணி நேரம் காப்பீட்டுக்குரிய வேலை பார்த்திருந்தால்தான் இ.ஐ. என்ற அரசு வேலைவாய்ப்புக் காப்பீட்டில் பேறுகாலப் பணம். தாய்க்கு 15 வாரம், அதன் பிறகு பெற்றோர் விடுப்பாக ஒருவருக்கு 35 வாரம் வரை, உச்சவரம்புக்குட்பட்டுச் சம்பளத்தில் 55 சதவீதம். ஏறத்தாழ ஒரு வருஷம் வீட்டிலிருந்து மகளை வளர்த்தேன், வாரம் 500 சொச்சம் வந்தது, வேலையும் காத்திருந்தது. பெரியப்பா அதற்கும் ஒன்று சொன்னார், அதை இங்கே எழுத வேண்டாம்.

அதற்குள் கட்டணமும் மாறிவிட்டது. டேகேர் கட்டணத்தைக் குறைக்கும் திட்டத்துக்காக மத்திய அரசோடு கடைசியாகக் கையெழுத்திட்ட மாகாணம் ஒன்டாரியோ, 2022 மார்ச்சில். அந்த வருஷக் கடைசிக்குள் கட்டணம் பாதியாக இறங்கியது. 2025 ஜனவரியிலிருந்து திட்டத்தில் சேர்ந்த மையங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாளைக்கு அதிகபட்சம் 22 டாலர். மாதம் 480 பக்கம் வரும். நான் கேட்ட 1,600 எங்கே, இது எங்கே! உங்கள் நண்பர்கள் பழைய விலையை வைத்துப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் விலை இறங்கியதும் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள், இடம் கிடைப்பது முன்பைவிடக் கஷ்டம். எல்லா மையமும் திட்டத்தில் இல்லை, முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், 2016-லிருந்து அது தடை.

உங்கள் குழந்தைக்கு இரண்டு வயது என்பதால் இன்னொரு நல்ல செய்தி. நான்கு வயது நிறைகிற வருஷத்தின் செப்டம்பரில் அரசுப் பள்ளியில் ஜூனியர் கிண்டர்கார்டன், முழுநாள், இலவசம். உங்கள் சுமை இரண்டு வருஷம்தான். முழுக்கத் தீராது. பள்ளி மூன்றரைக்குள் விட்டுவிடும், அலுவலகம் ஐந்துக்கு. ஜூலை, ஆகஸ்ட் முழுக்க விடுமுறை, மார்ச்சில் ஒரு வாரம், நடுநடுவே பி.ஏ. டே (ஆசிரியர்களுக்கு மட்டும் வேலை, பிள்ளைகளுக்கு லீவு). ஆறு வயதைத் தாண்டினால் அந்த 22 டாலர் சலுகையும் கிடையாது. என் பையனுடைய கோடைக்கால முகாம் செலவு இன்றைக்கு மகளின் டேகேரைவிட அதிகம்.

வந்த உடனே சி.சி.பி.க்கு, அதாவது குழந்தைகளுக்காக மத்திய அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகைக்கு, விண்ணப்பியுங்கள். பி.ஆர். என்றால் காத்திருப்பு இல்லை. தற்காலிக விசாவில் வருகிறவர்கள்தான் 18 மாதம் பொறுக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து 2026 ஜூன் வரை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 7,997 டாலர், வரி கிடையாது, குடும்ப வருமானம் ஏற ஏறக் குறையும். முதலில் இந்திய வருமானத்தை டாலரில் மாற்றிப் பார்ப்பார்கள் என்பதால் தொடக்கத்தில் நல்ல தொகை வரும். பொதுவாக அம்மாவின் பெயருக்குத்தான் வரும். எனக்கு அப்போது மாதம் 553 வந்தது. இந்த நாட்டில் என் பெயரில் வந்த முதல் பணம் அதுதான்.

"அம்மாவை வரவழைத்துக்கொள்ளலாம்" என்று கேள்வியின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். யாருடைய அம்மா என்று எழுதவில்லை. பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்கத் தரும் சூப்பர் விசாவுக்கு உங்கள் வருமானம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும், ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். என் அத்தை ஒரு குளிர்காலம் வந்து இருந்தார். பேஸ்மென்ட் ஜன்னலில் போகிற வருகிறவர்களின் பூட்ஸ் மட்டும் தெரியும். பேச ஆள் இல்லை. நாள் பூரா பேரனைத் தூக்கித் தூக்கி முதுகு போயிற்று. ஊரில் கேட்டால் "கனடா சுத்திப் பாக்கப் போயிருக்கா" என்றார்கள். வந்தால் சந்தோஷம். ஆனால் அவர் பார்க்கும் வேலைக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை எந்தப் பட்ஜெட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

சம்பந்தமில்லாமல் ஒன்று, சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஊரில் கார் ஓட்டிய அனுபவம் இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உரிமம் பற்றிய கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் அனுபவம் என்று காட்டினால் இங்கே எழுத்துத் தேர்வு முடித்ததும் காத்திருக்காமல் நேராக முழு உரிமத்துக்கான ஓட்டுத் தேர்வுக்கே போகலாம். என் வீட்டுக்காரர் இங்கே வந்த பிறகு கேட்டார். அவருடைய தம்பி அலைந்தான். இன்றைக்குச் சார் லீவு, நாளைக்கு சர்வர் இல்லை, அடுத்த வாரம் பழைய ரிஜிஸ்டரை எடுக்கணும், அதற்கு ஆள் இல்லை. ஒரு பக்கக் கடிதம்! கடைசியில் "கவனித்த" பிறகுதான் வந்தது. அதிலும் பெயரில் எழுத்துப் பிழை, இங்கே ஏற்கவில்லை. அவர் புதிதாக ஓட்டப் பழகியவர்போலப் படிப்படியாக வந்தார். காப்பீடு மாதம் 300 டாலருக்கு மேல் கட்டினோம். டேகேர் கட்டணத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய சொந்தக்காரர்கள் யாரும் அந்த 300-ஐ அவர் சம்பளத்தில் கழித்துப் பார்க்கவில்லை.

வீட்டிலிருந்து குழந்தை வளர்ப்பவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். என் அக்கா மிசிசாகாவில் அப்படித்தான் இருக்கிறாள், அவளே எடுத்த முடிவு. உங்கள் மனைவிக்கும் அதுதான் விருப்பம் என்றால் நல்லபடியாக இருக்கட்டும். கேள்வியில் அவர் என்ன சொன்னார் என்று ஓரிடத்திலும் இல்லை, அதனால் கேட்கிறேன். நான் சொன்னது டொராண்டோ கணக்கு. கியூபெக் 1997-லேயே நாளைக்கு 5 டாலர் என்று தொடங்கிவிட்டது, அங்கே இருக்கிறவர்கள் தங்கள் கதையைத் தனிப் பதிலாக எழுதுங்கள்.

விமான டிக்கெட் போடும் முன்பே, தங்கப்போகும் பகுதியில் உள்ள மையங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுங்கள். ஊரில் இருந்தபடியே கேட்டுப் பார்க்கலாம். தடுப்பூசி அட்டையையும் கைப்பையில் வையுங்கள், சேர்க்கும்போது கேட்பார்கள். இரண்டரை வயதானால் எட்டுப் பேருக்கு ஒரு பணியாளர் என்று விதி மாறும், அந்த வகுப்பில் இடம் கொஞ்சம் சுலபமாகக் கிடைக்கும். அதுவரை பகுதி நேரத்துக்கு ஓர் ஆன்ட்டியைத் தேடுங்கள். ரசீதோடு.