காட்டுக் கிழங்குகளில் ஆன்டிஆக்சிடன்ட் இருப்பது உண்மையா?

சித்தேரி மலைப்பக்கத்திலிருந்து தருமபுரிக்கு வரும் காட்டுக் கிழங்குகளில் ஆன்டிஆக்சிடன்ட் (செல்களைச் சிதைக்கும் நிலையற்ற மூலக்கூறுகளை அடக்கும் பொருள்) நிறைந்திருக்கிறதா, அவற்றை மருந்தாகவே உண்ணலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருப்பது உண்மைதான், ஆனால் அது எப்படி அளக்கப்படுகிறது என்பதை அறிவது அவசியம். காயவைத்துப் பொடித்த கிழங்கை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை, டிபிபிஎச் என்னும் நிலையற்ற மூலக்கூறு கொண்ட கருஊதாக் கரைசலில் சேர்ப்பார்கள். சாற்றில் ஆன்டிஆக்சிடன்ட்டாகச் செயல்படும் ஃபீனால் சேர்மங்கள் தம் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த நிலையற்ற மூலக்கூறை அடக்கும்போது ஊதா மெல்ல வெளிறி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்துத் திறனைக் கணக்கிடுவார்கள். இவை அனைத்தும் கண்ணாடிக் குழாய்க்குள் நடப்பவை. நாம் உண்ணும் ஃபீனால்களில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் உருமாறிவிடுவதால், குழாயில் அளந்த அந்தத் திறனை நோய் தீர்க்கும் அளவாகக் கொள்வது தவறு என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

மாகாளிக்கிழங்கு (தாவரவியல்படி இது வேர்) நறுக்கியதும் எழும் மணத்துக்கு, வெனிலா மணம் தரும் வெனிலினை ஒத்த, ஆல்டிஹைடு வகைச் சேர்மம் ஒன்று காரணம். இதை ஊறுகாயாக உண்பதே நம் வழக்கம்.

காட்டுவள்ளி வகைகளில்தான் கவனம் தேவை. டையோஸ்கோரியா பல்பிஃபெரா போன்ற கசப்பு வகைகளில் கல்லீரலைப் பாதிக்கும் டையோஸ்பல்பின் என்னும் கசப்புப் பொருள் உண்டு. நறுக்கி, ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைக்கும் பழைய முறை அந்தக் கசப்பைக் குறைப்பதற்கானது. அந்தத் தண்ணீரோடு ஃபீனால்களிலும் ஒரு பங்கு போய்விடும் என்றாலும், சத்து வீணாகிறதே என்று அந்த வேலையைச் சுருக்காதீர்கள். அடையாளம் தெரியாத கிழங்கைப் பச்சையாக அரைத்துக் குடிக்கவே வேண்டாம்.