மாமியார் சொன்ன மணல்வாரி

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மூன்று வாரம் முன்பு கடும் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. டெங்கு இல்லை என்றார்கள், லிவர் டெஸ்டில் அளவு ஏறியிருந்ததால் மஞ்சள் காமாலை என்றார்கள், நாலாம் நாள் முகத்தில் தடிப்பு வந்ததும் மாத்திரை அலர்ஜி என்றார்கள். மாமியார் மட்டும் 'மணல்வாரி போட்டிருக்குது' என்று வாசலில் வேப்பிலை செருகினார். பெரியவர்களுக்கும் வருமா? நாங்கள் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்.
- ஒரு வாசகி, அவிநாசி

பதில்: வரும் அம்மணி. உங்கள் மாமியார் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று எனக்கும் படுகிறது.

மணல்வாரி என்கிற தட்டம்மை பெரியவர்களுக்கு வந்தால் ஈரலையும் தொடும், அதனால்தான் அந்த டெஸ்ட் ஏறியிருக்கும். மாத்திரை அலர்ஜித் தடிப்பு பெரும்பாலும் நெஞ்சு, முதுகில் தொடங்கும். இதுவோ காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் கிளம்பி, கீழே இறங்கும். மாநிறத்துக்கு மேல் கறுத்த உடம்பில் சிவப்பு தெரியாது, கையால் தடவினால்தான் மணல் மாதிரி நெருடும். அந்தப் பேர் சும்மா வரவில்லை.

ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் ஒரு தம்பி இதே மாதிரி காய்ச்சலோடு வந்தார், உடம்பில் ஒரு புள்ளி இல்லை. டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறம் பார்த்தேன், கடைவாய்ப்பல்லுக்கு நேரே சிவந்த இடத்தில் ரவை சிந்தினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் தடிப்பு வந்தது. அந்தப் புள்ளிகள் தடிப்பு வந்து ஓரிரு நாளில் மறைந்துவிடும், யாரும் வாயைத் திறக்கச் சொல்லாவிட்டால் போச்சு.

சின்ன வயதில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டவர்களுக்கு லேசாக, தடிப்பே சரியாக வராமலும் வரலாம். இரண்டாம் தவணை நம் நாட்டு அரசுத் திட்டத்தில் 2010-இல்தான் வரத் தொடங்கியது, உங்கள் கணவர் வயதுக்காரர்கள் பலர் ஒரு தவணையோடு நின்றவர்கள். புதிதாகத் தொற்றியிருக்கிறதா என்று காட்டும் ஐஜிஎம் ரத்தப் பரிசோதனையும் தடிப்பு வந்த முதல் மூன்று நாளில் எடுத்தால் இல்லை என்று காட்டிவிடலாம். சந்தேகம் இருந்தால் அப்போது தொண்டைச் சளியும் எடுக்க வேண்டும், ரத்தத்தைத் திரும்பவும் பார்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இந்த வாரமே எடுங்கள்.

அப்புறம் நீங்கள். ஒரே வீட்டில் இருந்தும் உங்களுக்கு வரவில்லை என்றால் எதிர்ப்புச் சக்தி இருக்கலாம், ஆனால் அந்தச் சக்தியைக் காட்டும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை பார்த்து உறுதி செய்யுங்கள். சக்தி இல்லையென்றால், கர்ப்பம் இல்லை என்று தெரிந்துகொண்டு எம்.எம்.ஆர். என்கிற தட்டம்மைத் தடுப்பூசி போடுங்கள், ஒரு மாதம் கழித்துக் குழந்தைக்கு முயற்சி செய்யுங்கள். கர்ப்பமான பின் இந்த ஊசி போட முடியாது.