சிங்கப்பூரில் நகர மன்ற ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெற முடியுமா?

சிங்கப்பூரில் உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் ஆவணங்களை எவ்வாறு வைத்துக் காக்கின்றன, தமிழ்நாட்டில் செய்வதுபோல் ஒரு மனுப் போட்டு அவற்றின் நகலை வாங்கிவிட முடியுமா என்பது கேள்வி. மனுப் போட்டு வாங்கும் சட்ட உரிமை இங்கே இல்லை. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு இணையான ஒன்றைச் சிங்கப்பூர் இயற்றவில்லை. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு, மறுத்தால் மேல்முறையீடு என்று பழகி இங்கு வந்து சேரும் நம்மவர்களுக்கு இது முதலில் வியப்பாகத்தான் இருக்கும். அதற்காக எந்த ஆவணமும் கண்ணில் படாது என்று பொருளில்லை. சட்டப்படி ஏற்கெனவே வெளியிடப்பட்டவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருப்பதுதான் இங்கே பாதி வேலை.

தமிழ்நாட்டு நகராட்சி அலுவலகம் ஒன்றில் பிறப்புப் பதிவு, கட்டட அனுமதி, சொத்து வரி எல்லாம் ஒரே கூரையின்கீழ் நடக்கும். இங்குள்ள நகர மன்றத்தின் எல்லை மிகக் குறுகியது: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்புப் பேட்டைகளின் மின்தூக்கி, நடைபாதை, கீழ்த்தளம், துப்புரவு ஆகியவற்றைக் கவனிப்பதும், அதற்கான சேவை, பராமரிப்புக் கட்டணத்தை வசூலிப்பதும்தான் அதன் வேலை. பிறப்பு, இறப்புப் பதிவுகள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் உள்ளன (2022 மே 29 முதல் அந்தச் சான்றிதழ்கள் மின்னிலக்க வடிவில்தான் வழங்கப்படுகின்றன). நில உரிமைப் பதிவு சிங்கப்பூர் நில ஆணையத்திடமும், சொத்து வரி உள்நாட்டு வருவாய் ஆணையத்திடமும் இருக்கின்றன. ஆகவே "உள்ளாட்சி ஆவணம்" தேடிப் புறப்படுபவர் பெரும்பாலும் நகர மன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதே இல்லை.

நகர மன்றத்திடம் உள்ளவற்றில் நாம் உறுதியாகப் பார்க்கக்கூடியது கணக்கு. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டின் வரவு செலவு ஒவ்வோர் ஆண்டும் கணக்காய்வுக்கு உட்பட்டு, நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படுகிறது. ஆண்டறிக்கையை மன்றத்தின் இணையத்தளத்திலும் காணலாம். நாடாளுமன்ற உறுப்பினர்கள் குடியிருப்பாளர்களுடன் சிரித்துக்கொண்டு நிற்கும் வண்ணப் படங்களைத் தாண்டி, நேராகக் கணக்காய்வாளரின் கருத்துரைக்குச் செல்லுமாறு பரிந்துரைக்கிறேன். அங்கே கணக்குகள்மீது அவர் ஏதேனும் ஒரு நிபந்தனை விதித்திருந்தாலோ கருத்துக் கூறவே மறுத்திருந்தாலோ, மற்ற பக்கங்களை எந்த மனநிலையில் படிக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். தூய்மை, பராமரிப்பு, மின்தூக்கிச் செயல்பாடு, கட்டண நிலுவை, நிர்வாக ஒழுங்கு என ஐந்து அளவுகோல்களில் மன்றங்களை மதிப்பிட்டுத் தேசிய வளர்ச்சி அமைச்சு வெளியிடும் அறிக்கையையும் உடன் வைத்துப் படிப்பது நல்லது. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்திருப்பார்கள். நிறத்தைவிட அதன் கீழுள்ள விளக்கம்தான் பயன் தரும்.

பாதுகாப்பு என்றதும் பலருக்கு இணைய ஊடுருவல் நினைவுக்கு வருகிறது. என் பார்வையில், நகர மன்ற ஆவணங்களுக்கு அதற்கு இணையான சோதனை தேர்தலுக்கு மறுநாள் தொடங்குகிறது. மன்றத்தை நடத்துபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களே என்பதால், தொகுதி கைமாறினாலோ எல்லைகள் திருத்தப்பட்டாலோ குடியிருப்பாளர் கணக்குகள், ஒப்பந்தங்கள், பழுதுபார்ப்புப் பதிவுகள் அனைத்தும் ஒரு நிர்வாகத்திடமிருந்து இன்னொன்றுக்குப் போயாக வேண்டும். 2010இல் ஆளும் மக்கள் செயல் கட்சியின் 14 நகர மன்றங்கள் தங்கள் நிர்வாக மென்பொருளின் உரிமையைக் கட்சிக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்துக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தின. 2011 தேர்தலில் அல்ஜுனிட் குழுத்தொகுதி எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி வசமானபின், அந்த மன்றத்துடனான ஒப்பந்தத்தை அந்நிறுவனம் முடித்துக்கொண்டது. 2013இல் அமைச்சு வெளியிட்ட மறுஆய்வு, இதில் சட்டமீறலோ பொதுநிதி முறைகேடோ இல்லை என்று முடிவு செய்தது. மறுபுறம், 2015 பிப்ரவரியில் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, பாட்டாளிக் கட்சி நடத்திய அல்ஜுனிட்-ஹவ்காங்-பொங்கோல் கிழக்கு நகர மன்றத்தில் ஆவணங்களைப் பத்திரப்படுத்தவும் முறையான கணக்குகளைப் பேணவும் தக்க ஏற்பாடு இருக்கவில்லை என்று குறிப்பிட்டது. இவ்விரண்டையும் கட்சிச் சண்டையாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவை ஆவணப் பராமரிப்புப் பாடங்களாகத்தான் தெரிகின்றன. தரவு யாருடையது, அதைத் திறக்கும் மென்பொருள் யாருடையது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை இல்லாவிட்டால், பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. 2017இல் திருத்தப்பட்ட நகர மன்றங்கள் சட்டம், மன்றங்களின் நடைமுறைகளைப் பரிசோதிக்கவும் விசாரிக்கவும் அமைச்சுக்கு அதிகாரம் அளித்தது.

கணக்கு தெரியும்; ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பது தெரியாது. இதுதான் இங்குள்ள உண்மையான குறை. துப்புரவு ஒப்பந்தம் ஏன் கைமாறியது, நம் புளோக்கின் சாயம் பூசும் முறை ஏன் தள்ளிப்போனது என்பதற்கான உள் கடிதப் போக்குவரத்தை வற்புறுத்திக் கேட்க நமக்குச் சட்டத் துணை கிடையாது. மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய் உறுப்பினரிடம் நேரில் கேட்கலாம். விவகாரம் பெரிதாயின் அவர் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். அமைச்சரின் பதில் விவாதப் பதிவேட்டில் நிரந்தரமாக ஏறிவிடும். அந்தப் பதிவேடு 1955 முதல் இணையத்தில் தேடும் வசதியுடன் இருக்கிறது. உங்கள் கேள்வியை யாரேனும் முன்பே கேட்டிருக்கலாம் என்பதால், கடிதம் எழுதுமுன் அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நேற்றைய முடிவைவிட நூறாண்டுக்கு முந்தைய முடிவை அறிவது எளிது. இத்தீவுக்கு ஒரு காலத்தில் முழுமையான முனிசிபல் நிர்வாகம் இருந்தது. 1951இல் அது மாநகர மன்றமானது. 1959இல் தன்னாட்சி வந்தபோது அதன் பொறுப்புகள் அமைச்சுகளிடம் போயின. முனிசிபல் ஆணையர்களின் கூட்டக் குறிப்புகளும், 1884 முதலான கட்டட வரைபடங்களும், புக்கிட் பிரவுன் இடுகாட்டின் அடக்கப் பதிவேடுகளும் இன்று கேனிங் ரைசில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. 1968இல் தொடங்கிய அக்காப்பகம் 2012 முதல் தேசிய நூலக வாரியத்தின் அங்கம். என் தாத்தா முனிசிபல் தொழிலாளியாக இருந்தவர். அவர் காலத்துச் சாலைகள், வடிகால்கள் பற்றிய குறிப்புகளைத் தேடியபோதுதான், கீழ்நிலை ஊழியர்களின் பெயர்கள் அரிதாகவே ஏடுகளில் ஏறியிருப்பதைக் கவனித்தேன். குத்தகைக்காரர்களின் பெயர்கள் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன. ஆவணம் காப்பது வேறு, எதை ஆவணமாக்குவது என்பது வேறு.

காப்பகத்தின் பொருள்களில் பலவற்றை இணையத்திலேயே திறந்து பார்க்கலாம். சிலவற்றை அங்கே நேரில் சென்றுதான் படிக்க முடியும். இன்னும் சிலவற்றுக்கு அவற்றை ஒப்படைத்த அரசு அமைப்பின் அனுமதி தேவை. விண்ணப்பத்தைக் காப்பகம் வழியாகவே அனுப்பலாம், ஆனால் பதில் வர நாளாகும், மறுப்பும் வரலாம். நீங்கள் தேடுவது எந்த வட்டாரம், எந்தக் காலகட்டம், கணக்கா அல்லது வரைபடமா என்று குறிப்பிட்டால், எந்த அலுவலகத்தில் தொடங்குவது என்று கருத்துப் பகுதியில் சொல்கிறேன்.